படத்தில் திரும்பத் திரும்ப வரும் காட்சிப் படிமத்தை வைத்துக் கட்டுரை எழுதுவது எப்படி? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்துக் கல்லூரிகளில் சினிமாவை ஒரு பாடமாகப் படிக்கிற பிள்ளைகளிடம் இந்த அசைன்மென்ட் அடிக்கடி வந்து சேர்கிறது: “ஒரு திரைப்படத்தில் மீண்டும் மீண்டும் வரும் காட்சிப் படிமம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து எழுதுக.” விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களும் கேட்கிறார்கள், தமிழ் இலக்கியம் படிப்பவர்களும் கேட்கிறார்கள். சில ஆசிரியர்கள் இதையே மோட்டிஃப் என்று சொல்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

உதாரணங்களுக்குப் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’, 1955இல் வந்தது. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வங்காளத்துக் கிராமம் ஒன்றில் ஏழைப் புரோகிதர் ஹரிஹரன், மனைவி சர்பஜயா, மகள் துர்கா, மகன் அபு, இவர்களோடு ஒண்டிக்கொண்டிருக்கும் இந்திர் என்ற கிழவி. பிள்ளைகளுக்கு அவள் அத்தை முறை. கிழவி ஒருநாள் இறந்துபோகிறாள். பிறகு மழையில் நனைந்து காய்ச்சல் கண்டு துர்காவும் இறக்கிறாள். மிச்சமிருக்கிற மூன்று பேரும் மாட்டுவண்டியில் ஏறி ஊரைவிட்டுப் போகிறார்கள்.

ஒரு பொருள் எத்தனை தடவை வந்தால் அது படிமம் ஆகும்?

எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஹரிஹரன் வீட்டு முற்றம் படத்தில் எத்தனையோ தடவை வருகிறது. கதை நடக்கிற இடம் அது, அதனால் வருகிறது. படிமம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் கேமரா அதைத் தனியாகக் கவனித்திருக்க வேண்டும். கதை திரும்புகிற இடத்தில் அது இருந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, இரண்டாவது தடவை வரும்போது முதல் தடவை இருந்த மாதிரியே இருக்கக் கூடாது. கையில் இருந்தது தரையில் கிடக்கலாம். பகலில் பார்த்தது இரவில் வரலாம். ஒருத்தர் பார்த்ததை இப்போது வேறொருத்தர் பார்க்கலாம். அந்த வித்தியாசம்தான் உங்கள் கட்டுரைக்கான சரக்கு. இரண்டே தடவை வந்து நடுவில் பெரிய மாற்றம் இருந்தால் அதை வைத்து ஆறு பக்கம் எழுதலாம். இருபது தடவை வந்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் பட்டியல் போடத்தான் முடியும்.

குறியீடு ஒரே ஒரு தடவை வந்தாலும் குறியீடுதான். ‘பரியேறும் பெருமாள்’ (2018) முடிகிறபோது பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டீ கிளாஸ் இருக்கும். அது குறியீடு. அதே படத்தில் கருப்பி என்ற நாய், செத்த பிறகும் திரும்பத் திரும்ப வருகிறது. அது படிமம். வறுமை, சாதி, பிரிவு இதெல்லாம் கருப்பொருள். கேமராவை நேராக அதன்மேல் வைத்துப் படம்பிடிக்க முடியாது. கிழிந்த போர்வையைப் பிடிக்கலாம். ‘பதேர் பாஞ்சாலி’யில் சிறுவன் அபு நமக்கு முதலில் தெரிவதே போர்வைக் கிழிசலுக்குள் திறக்கும் ஒற்றைக் கண்ணாகத்தான்.

எந்தப் படத்தை எடுப்பது? டெல்டாவில் எடுத்த படமாக இருந்தால் நல்லதா?

மூன்று தடவை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை தருகிற படமாக எடுங்கள். இது ஒன்றுதான் என் நிபந்தனை.

டெல்டாப் படம் என்றால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. திரையில் வயலைக் காட்டினால் அது நாற்றங்காலா, நட்டுப் பத்து நாள் ஆன பயிரா, பால் பிடிக்கிற கதிரா என்று உங்களுக்கு ஒரு பார்வையில் தெரியும். கதையில் எத்தனை மாதம் ஓடியிருக்கிறது என்பதைப் பயிரை வைத்தே சொல்லிவிடுவீர்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற விமர்சகருக்கு அது வெறும் பச்சை.

கூடவே ஒரு சிக்கலும் உண்டு. தெரிந்த ஊர், தெரிந்த படித்துறை என்றால் மனம் சொந்த ஞாபகத்துக்குப் போய்விடும். கட்டுரை ஊரைப் பற்றியதாகிவிடும், படம் நழுவிவிடும். கும்பகோணம் பக்கத்துக் குடும்பம் ஒன்று சிதறிப்போகிற கதையான ‘மகாநதி’யை (1994) எடுத்த ஒருவர் முதல் இரண்டு பக்கமும் காவிரியின் வரலாற்றை எழுதியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார், ஆனால் படத்தின் ஒரு ஷாட்கூட அதில் இல்லை. அதை எடுத்துவிட்டு மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கச் சொன்னேன்.

எத்தனை தடவை பார்க்க வேண்டும்? குறிப்பு எப்படி எடுப்பது?

முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். படம் பார்ப்பவராகப் பாருங்கள். முடிந்ததும் எழுந்துபோய்ப் பத்து நிமிடம் கழித்து, மனத்தில் நின்ற பிம்பங்களை மட்டும் எழுதுங்கள். வசனம் வேண்டாம், கதை வேண்டாம், பிம்பம் மட்டும். அதில் ஒரே பொருள் இரண்டு இடத்தில் வந்திருந்தால் பிடி கிடைத்துவிட்டது.

இரண்டாவது தடவை நோட்டு வைத்துக்கொண்டு பாருங்கள். அந்தப் பொருள் வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, நேரம் என்ன, ஃப்ரேமில் எந்தப் பக்கம் இருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் அதைப் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை, முந்தின ஷாட் எது, அடுத்த ஷாட் எது என்று எழுதுங்கள். அர்த்தம் எதுவும் எழுதக் கூடாது. இதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கிறது. “சொம்பு உருண்டது” என்று எழுத வேண்டிய இடத்தில் “வாழ்க்கையின் நிலையாமை” என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு கட்டுரை எழுத உட்காரும்போது நோட்டில் நிலையாமைதான் இருக்கும், சொம்பு எப்படி உருண்டது, எங்கே போய் நின்றது என்பது இருக்காது.

மூன்றாவது தடவை அந்தக் காட்சிகளை மட்டும் பாருங்கள். அதில் ஒரு தடவை சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். இசை நம்மை எங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது என்று அப்போது தெரியும்.

ஒரு உதாரணத்தை முழுசாகச் செய்து காட்டுங்களேன்.

சரி. ‘பதேர் பாஞ்சாலி’யில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம்.

அபுவும் துர்காவும் வயல்வெளி தாண்டிப் போய் ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மூங்கில் தோப்பில் கிழவி இந்திர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்து துர்கா தொட்டு உலுக்குகிறாள். உடம்பு அப்படியே சாய்ந்துவிடுகிறது. கிழவியின் சொம்பு சரிவில் உருண்டுபோய்த் தண்ணீரில் விழுகிறது.

இன்னொன்று படத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரி தன் மகளின் மணிமாலையை துர்கா திருடிவிட்டாள் என்று வந்து சத்தம் போடுகிறாள். துர்கா எடுக்கவே இல்லை என்கிறாள். அவமானம் தாங்காமல் சர்பஜயா மகளை அடித்து வெளியே இழுத்துத் தள்ளுகிறாள். அதற்கப்புறம் அந்த மாலையைப் பற்றிய பேச்சு அடங்கிவிடுகிறது. துர்காவும் இறந்துவிடுகிறாள். ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டும்போது, மேலே இருக்கும் பழைய சாமான்களை எடுக்கிற அபுவின் கையில் ஒரு சிரட்டை அகப்படுகிறது. உள்ளே அந்த மாலை. சிலந்தி ஒன்று ஓடுகிறது. அபு மாலையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் குளத்தில் வீசுகிறான். விழுந்த இடத்தில் பாசி விலகுகிறது, கறுப்பாகத் தண்ணீர் தெரிகிறது, பாசி மெல்ல நகர்ந்து வந்து மறுபடி மூடிக்கொள்கிறது. மூடுகிற வரைக்கும் படம் நம்மை அங்கேயே நிறுத்திவைக்கிறது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரு மரணத்தோடு ஒட்டி வருகின்றன. இரண்டிலும் இறந்தவர் விட்டுப்போன ஒரு சின்னப் பொருள் தண்ணீருக்குள் போகிறது. இதுவரை ஒற்றுமை. நிறையப் பேர் இங்கேயே நிறுத்திக்கொண்டு, “தண்ணீர் மரணத்தின் குறியீடு” என்று எழுதிவிடுகிறார்கள். வித்தியாசத்துக்கு வாருங்கள். சொம்பு தானாக உருண்டது, யாரும் தள்ளவில்லை. மாலையை ஒரு கை எறிந்தது. கிழவி சாய்ந்தபோது அபு பக்கத்தில் நின்று பார்த்தான், உலுக்கியது அக்கா. குளத்தங்கரையில் அவன் தனியாக நிற்கிறான், கேட்க ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. சொம்பு விழுந்ததை மறைக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. மாலை மறைய வேண்டும். அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. அக்கா பொய் சொல்லியிருக்கிறாள் என்று அவனுக்கு இப்போது தெரியும். தெரிந்தும் அவள் பேரைக் காப்பாற்றுகிறான்.

அதுவரை படம் முழுக்கப் பார்க்கிற பையனாகவே இருந்தவன் அபு. கிழிசலில் திறந்த கண்ணிலிருந்து ரயிலைப் பார்க்க ஓடியது வரை அவன் வேலை பார்ப்பதுதான். குளத்தில்தான் முதல் தடவையாக யோசித்து ஒரு முடிவெடுத்துச் செயலில் இறங்குகிறான். ஆக, தண்ணீர் திரும்ப வருவதால் நமக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது: அன்றைக்கு இந்தப் பையன் எங்கே நின்றான், இன்றைக்கு எங்கே நிற்கிறான்.

பாசி மூடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பாசி படர்ந்த குளத்தில் கல் எறிந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு மெதுவாக மூடும் என்று தெரியும். ஒரு இயக்குநர் அந்த நேரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார் என்றால் ஏன் என்று கேளுங்கள். மாலை விழுந்ததோடு ஷாட்டை வெட்டியிருந்தால் பையன் எறிந்தான் என்ற செய்தி மட்டும் நமக்கு வந்திருக்கும். மூடுகிற வரை காத்திருப்பதால், அந்த ரகசியத்தைக் காக்கும் வேலையில் நாமும் சேர்ந்துகொள்கிறோம். இப்படி ஒரு ஷாட்டின் நீளத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கும் கட்டுரை என் கையில் கிடைத்தால் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்.

என் விளக்கத்துக்குப் பொருந்தாத காட்சி ஒன்று இடிக்கிறது. அதை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். மேலே சொன்ன உதாரணத்திலேயே அப்படி ஒன்று இருக்கிறது. முதல் மழை கொட்டும்போது துர்கா தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு நனைகிறாள், ஆடுகிறாள். அவள் முகத்தில் படத்தில் வேறெங்கும் காணாத மகிழ்ச்சி. அதுவும் தண்ணீர்தான். அங்கே எதுவும் மறையவில்லை, யாரும் எதையும் ஒளிக்கவில்லை. அந்த மழைதான் அவளைக் காய்ச்சலில் கிடத்தவும் செய்கிறது.

“தண்ணீர் மறைக்கிறது” என்ற வாதத்தில் இந்த மழை அடங்காது. அப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எல்லையைச் சுருக்குங்கள்: நான் பேசப்போவது குளத்தைப் பற்றி, தேங்கி நிற்கும் நீரைப் பற்றி, மேலேயிருந்து விழும் மழை வேறு. இந்தப் பிரிவை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, வாதத்தையே மாற்றுங்கள்: இந்தப் படத்தில் தண்ணீர் கொடுப்பதையும் எடுப்பதையும் ஒரே கையால் செய்கிறது, துர்காவின் மிகப் பெரிய சந்தோஷமும் அவளுடைய சாவும் ஒரே மழையில் இருக்கின்றன. இரண்டாவது வழியில் போனால் வேலை அதிகம், கட்டுரையும் கனமாக வரும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆறு என்றால் தாய், ரயில் என்றால் பயணம், விளக்கு என்றால் அறிவு. இப்படிப் பொது அர்த்தம் வைத்து எழுதலாமா?

வேண்டாம். பொது அர்த்தத்தில் தொடங்குகிற கட்டுரை, படத்தைப் பார்க்காமலே எழுதியிருக்கக்கூடிய கட்டுரையாகத்தான் முடியும்.

ஆற்றைப் பற்றி நம் பிள்ளைகளிடம் நிறையவே பேச வேண்டியிருக்கிறது. ஆடிப்பெருக்குக்குக் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, சப்பரம் இழுத்து வளர்ந்த ஊர். ஆறு என்றதும் “வாழ்வளிக்கும் காவிரித் தாய்” என்று கை தானாக எழுதும். அந்தப் பக்தி உண்மையானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் அரசலாற்றையோ குடமுருட்டியையோ போய்ப் பாருங்கள். மணல்தான். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணையில் ஷட்டரைத் தூக்கி, பிரிவு பிரிவாகத் திருப்பிவிட்ட பிறகுதான் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிறது. இங்கே ஆறு நிறைவதற்குப் பின்னால் ஒரு அணை, ஒரு உத்தரவு, அணைக்கு மேலே இன்னொரு மாநிலம் எல்லாம் இருக்கிறது. அதனால் உங்கள் படத்தில் ஆறு வந்தால் முதலில் கேட்க வேண்டியது: தண்ணீர் இருக்கிறதா, மணலா? யார் எந்தக் கரையிலிருந்து பார்க்கிறார்கள்? இறங்குகிறார்களா, மேலே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்களா? அடுத்த தடவை வரும்போது இதில் எது மாறியிருக்கிறது? தாயா இல்லையா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ரயிலுக்கும் இதேதான். நீடாமங்கலம் கேட்டில் தினமும் காத்து நிற்கிறவருக்கு ரயில் என்றால் ஒரு அர்த்தம், வெளிநாடு போகிற மகனை ஏற்றிவிட ஸ்டேஷனுக்கு வந்த அம்மாவுக்கு இன்னொரு அர்த்தம். படத்துக்கு என்ன அர்த்தம் என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். அபுவின் கதையை ராய் மூன்று படங்களாக எடுத்தார். ‘பதேர் பாஞ்சாலி’யில் ரயில் முதலில் ராத்திரியில் தூரத்துச் சத்தமாக வருகிறது, பிறகு வெள்ளைப் பூக்களுக்கு அப்பால் கரும்புகை விட்டுக்கொண்டு ஓடும் அதிசயமாக வருகிறது. ‘அபராஜிதோ’வில் (1956) படிக்கப்போன மகன் வருவானா என்று அம்மா ரயில் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். ‘அபுர் சன்சார்’ (1959) வரும்போது அபு ரயில் பாதையை ஒட்டிய அறையில் குடியிருக்கிறான். பிள்ளைப்பேற்றில் மனைவி இறந்த பிறகு அதே தண்டவாளத்தின் பக்கத்தில் சாகும் எண்ணத்தோடு நிற்கிறான். பல வருடம் பார்க்காமல் விட்டிருந்த தன் மகனுக்குப் பொம்மை ரயில் ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறான், பையன் அதைத் தூக்கி எறிகிறான். ஒரே பொருள்தான். அதிசயம், காத்திருப்பு, சாவு, ஏற்கப்படாத பரிசு என்று மாறிக்கொண்டே போகிறது. “ரயில் என்றால் பயணம்” என்று எழுதினால் இவ்வளவும் போய்விடும்.

வயல் காட்சி எல்லாவற்றிலும் பச்சை வருகிறது. நிறத்தைப் படிமமாக எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் ஐப்பசியில் டெல்டாவில் கேமராவை எங்கே வைத்தாலும் பச்சைதான் வரும். அது பருவம் கொடுத்த நிறம். படம் வேண்டுமென்று கொடுத்த நிறம் எது என்று பிரித்துப் பாருங்கள். ஒரே ஆள் மட்டும் ஒரு நிறம் உடுத்துகிறாரா, ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்த நிறம் காணாமல் போகிறதா, மற்ற நிறங்களை வேண்டுமென்றே குறைத்து இதை மட்டும் தூக்கிக் காட்டியிருக்கிறார்களா? இதற்கெல்லாம் இல்லை என்று பதில் வந்தால் நிறத்தை விட்டுவிட்டு வேறு பொருளுக்குப் போங்கள்.

இயக்குநர் உண்மையிலேயே இதையெல்லாம் நினைத்து எடுத்தாரா என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால்?

நீங்கள் சொல்ல வேண்டியது திரையில் என்ன இருக்கிறது, அது பார்ப்பவரிடம் என்ன செய்கிறது என்பதை. இயக்குநர் மனத்துக்குள் போய்ச் சாட்சி கொண்டுவர வேண்டியதில்லை. “இயக்குநர் இதன்மூலம் சொல்ல விரும்புவது” என்ற தொடரைக் கட்டுரை முழுக்கத் தேடிப்பிடித்து, “இந்தக் காட்சி காட்டுவது” என்று மாற்றிவிடுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே அடங்கிவிடும்.

படப்பிடிப்புக் கதைகளைச் சான்றாகக் கொடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். ரயில் காட்சியில் வரும் வெள்ளைப் பூ, நம் கொள்ளிடக் கரையில் பூக்கிற நாணல் வகைதான். வங்காளத்தில் காஷ் என்பார்கள். 1952இல் படப்பிடிப்பைத் தொடங்கியபோது முதலில் எடுத்தது இந்தக் காட்சியைத்தான். ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கிற பருவம் வரும் வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார்கள். இதைப் படித்துவிட்டு, “நாணலுக்காக ஒரு வருடம் காத்திருந்தார், ஆகவே நாணல் ஆழமான குறியீடு” என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிக் காட்சியில் பூ இருந்து மீதிப் பாதியில் இல்லாமல் போனால் ஷாட்டுகள் ஒட்டாது; காத்திருந்ததற்கு அந்த ஒரு காரணமே போதும். அந்தக் காட்சி அவருக்கு முக்கியம் என்பதற்கு இது சான்று. பூவின் அர்த்தத்துக்குச் சான்றைத் திரையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சத்தம், பெயர், வசனம் இதெல்லாம் காட்சிப் படிமத்தில் சேருமா?

தலைப்பு காட்சிப் படிமம் என்றால் முதுகெலும்பு காட்சியாகத்தான் இருக்க வேண்டும். மற்றவற்றைத் துணைக்குச் சேர்க்கலாம். ரயிலைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் ஊதல் கேட்டுவிட்டது என்பதை எழுதாமல் ரயிலைப் பற்றி எழுத முடியாது. ‘மகாநதி’யில் கதாநாயகன் கிருஷ்ணசாமி, மகள் காவேரி, மகன் பரணி, பின்னால் வரும் யமுனா என்று பெயர்களே ஆறுகளாக ஓடுகின்றன. இது நல்ல துணைச் சான்று. ஆனால் பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்து ஆற்றுப் படிமம் என்று எழுதிவிடக் கூடாது. திரையில் ஆறு வரும் ஷாட்டுகளுக்குப் போக வேண்டும்.

சத்தம் காட்சியை எப்படி மாற்றுகிறது என்றும் பாருங்கள். துர்கா இறந்த செய்தி தெரியாமல் அவளுக்குப் புடவை வாங்கி வருகிறார் அப்பா. சர்பஜயா அந்தப் புடவையைக் கடித்துக்கொண்டு அழுகிற இடத்தில் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்சத்தில் அழுகிறது. இசை ரவிசங்கர்.

முதல் பத்தியில் வரும் மையக் கருத்தை எப்படி எழுதுவது?

“பதேர் பாஞ்சாலியில் தண்ணீர் ஒரு முக்கியமான படிமம்.” இதை மறுக்க ஆளில்லை, ஆகவே இதில் வாதமும் இல்லை. “பதேர் பாஞ்சாலியில் தண்ணீர் மரணத்தைக் குறிக்கிறது.” இது கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் எந்தப் படத்துக்கும் பொருந்தும். “கிழவியின் சொம்பு தானாகத் தண்ணீருக்குள் உருள்கிறது, அக்காவின் மாலையை அபுவே எறிகிறான், இந்த இரண்டுக்கும் நடுவில் பார்வையாளனாக இருந்த சிறுவன் பொறுப்பேற்கிறவனாக மாறியதைப் படம் ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது.” இதில் முதல் இடம், கடைசி இடம், மாற்றம் மூன்றும் இருக்கின்றன. இதற்கு மறுப்புச் சொல்ல ஒருவரால் முடியும். மறுக்க இடமிருக்கிற வாக்கியமாக எழுதுங்கள்.

கதைச் சுருக்கம் எவ்வளவு? படம் போகிற வரிசையிலேயே எழுதலாமா?

சுருக்கம் ஐந்து வரி. அதற்கு மேல் போனால் ஆசிரியர் புரட்டிவிடுவார். படத்தின் வரிசையில் எழுதினால் தெரியாமலே கதை சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். கடைசியாக வரும் இடத்திலிருந்து தொடங்கி, முதல் இடத்துக்குப் போய், வித்தியாசம் எப்படி வந்தது என்று நடுவை நிரப்புவது நல்ல வழி.

குளோசப், டிராக்கிங் ஷாட் மாதிரித் தொழில்நுட்பச் சொற்கள் கட்டாயமா?

வாதத்துக்கு உதவினால் போடுங்கள். “இங்கே குளோசப் பயன்படுத்தப்பட்டுள்ளது” என்று மட்டும் எழுதினால் அதனால் பயனில்லை. “மாலை குளோசப்பில் இருக்கிறது, எறிந்த பிறகு கேமரா குளத்திலேயே நிற்கிறது” என்றால் பயனுண்டு. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு இந்தப் படம்தான் முதல் படம் என்ற தகவலை எங்காவது போடலாம், ஆனால் அதை வைத்துப் பக்கத்தை நிரப்பாதீர்கள்.

யூடியூப் விளக்கம், சாட்ஜிபிடி இவற்றைப் பயன்படுத்தலாமா?

உங்கள் நோட்டு நிறைந்த பிறகு பாருங்கள். முன்னாலேயே பார்த்தால் அவர்கள் கண்ணால்தான் படம் தெரியும். மெஷின் எழுதித் தந்ததில் படத்தில் இல்லாத காட்சிகள் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்த ஆசிரியர் அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். வேறொருவர் சொன்ன கருத்தை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லி எடுங்கள்.

நேரக்குறிப்பும் ஸ்கிரீன்ஷாட்டும் எப்படிக் கொடுப்பது?

எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். ஓடிடியில் இருப்பதும், யூடியூபில் யாரோ ஏற்றியதும், டிவியில் வெட்டிப் போட்டதும் ஒரே நீளம் இருக்காது. பழைய படம் என்றால் இது இன்னும் முக்கியம். ‘பதேர் பாஞ்சாலி’யின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீவிபத்தில் கருகியது. கருகியதில் பிழைத்த பகுதிகளை வைத்து மீட்டெடுத்த பிரதி 2015இல் வெளிவந்தது. பழைய பிரதியில் குளத்துப் பாசி வெறும் சாம்பல் திட்டாகத் தெரியலாம், மீட்டெடுத்ததில் அது விலகுவதும் மூடுவதும் தெளிவாகத் தெரியும். முடிந்தால் அதையே தேடிப் பாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட் நான்குக்கு மேல் வேண்டாம். ஜோடியாகப் போடுங்கள்: முதல் இடம் ஒன்று, பிந்திய இடம் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். சப்டைட்டிலை அணைத்துவிட்டு எடுங்கள், இல்லையென்றால் ஃப்ரேமின் அடிப்பகுதி மறைந்துபோகும். படத்துக்குக் கீழே படத்தின் பெயர், இயக்குநர், ஆண்டு, நேரம் நான்கையும் எழுதிவிடுங்கள். பிரிண்ட் எடுப்பதற்கு முன் கறுப்பு வெள்ளையில் ஒரு தாள் போட்டுப் பாருங்கள். இருட்டுக் காட்சிகள் ஜெராக்ஸ் கடை மெஷினில் பெரும்பாலும் கறுப்பாகவே வரும், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.